நிறமாலையை வைத்துப் பிளாஸ்மாவை அளந்து, அதே பிளாஸ்மாவை வைத்து அணுக்கோட்பாட்டைச் சோதிப்பது சுற்றுவாதம் இல்லையா?

அலைநீளம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். முதுகலை இயற்பியல் மாணவன். சூடான அடர் பிளாஸ்மாக்களில் (அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து கிடக்கும் பொருள்) எக்ஸ் கதிர் நிறமாலையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வுத் திட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

பாடநூல் சொல்வது இதுதான்: நிறமாலையில் இரண்டு வரிகளின் (எலக்ட்ரான் மட்டம் தாவும்போது வரும் குறிப்பிட்ட அலைநீள ஒளி) ஒளிர்வு விகிதத்தை எடு, வெப்பநிலை கிடைக்கும். ஒரு வரியின் அகலத்தை எடு, எலக்ட்ரான் அடர்த்தி கிடைக்கும். சரி. ஆனால் விகிதத்தை வெப்பநிலையாக மாற்றவும் அகலத்தை அடர்த்தியாக மாற்றவும் ஓர் அணு மாதிரி வேண்டுமே. அந்த மாதிரி சரிதானா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? வெப்பநிலையும் அடர்த்தியும் தெரிந்த பிளாஸ்மாவின் நிறமாலையோடு ஒப்பிட்டு. அந்த வெப்பநிலையும் அடர்த்தியும் எப்படித் தெரிந்தன? நிறமாலையிலிருந்து!

இது சுற்றுவாதம் இல்லையா?

சந்தேகத்தைக் கிளப்பியது அலுமினியம். 2012இல் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில், எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ் கதிர் லேசரைக் கொண்டு, அடர் பிளாஸ்மாவுக்குள் அயனியாக்க ஆற்றல் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார்கள். இந்த இறக்கத்தைக் கணக்கிட எல்லோரும் பயன்படுத்தும் ஸ்டூவர்ட்-பயாட் சூத்திரம் (1966) பொருந்தவில்லை, அதற்கும் முந்தைய எக்கர்-க்ரோல் சூத்திரத்தை (1963) கொஞ்சம் மாற்றினால் பொருந்துகிறது என்பது முடிவு. 2013இல் பிரிட்டனின் ஓரியன் லேசரில் அதே அலுமினியம். முடிவு நேர் எதிர்: ஸ்டூவர்ட்-பயாட்தான் கிட்டத்தில் வருகிறது, எக்கர்-க்ரோல் இல்லை. யாரை நம்புவது?

நள்ளிரவு வாசகன்

கேள்வியே பாதிதான் புரிகிறது. அயனியாக்க ஆற்றல் ஒரு மாறிலி இல்லையா? பள்ளியில் அட்டவணை போட்டுத்தானே படித்தோம். அது ஏன் இறங்குகிறது? அப்புறம், ஏன் எக்ஸ் கதிர்தான், சாதாரண ஒளி போதாதா?

பழைய படிகம்

இரண்டாவது கேள்வி எளிது, முதலில் அதை முடித்துவிடலாம். இங்கே பேசும் வெப்பநிலை சில நூறு எலக்ட்ரான் வோல்ட். ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்பது சுமார் 11,600 கெல்வின், அதனால் பல பத்து லட்சம் கெல்வின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சூட்டில் அலுமினியத்தின் 13 எலக்ட்ரான்களில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். மிஞ்சியவை அணுக்கருவை ஒட்டிய கே கூட்டில் இருக்கும். அவை தாவும்போது வெளிவரும் போட்டான்களின் ஆற்றலே 1,600, 1,700 எலக்ட்ரான் வோல்ட், அதாவது எக்ஸ் கதிர். அதோடு, திடப்பொருளின் அடர்த்தியில் உள்ள பிளாஸ்மாவுக்குள் கண்ணுக்குத் தெரியும் ஒளியால் நுழையவும் முடியாது, வெளியேறவும் முடியாது. உள்ளே நடப்பதை வெளியே கொண்டுவருவது எக்ஸ் கதிர் மட்டும்தான்.

முதல் கேள்வி: அட்டவணையில் இருப்பது தனித்த அணுவுக்கான எண். தனித்த அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கினால் அது முடிவிலிவரை போகவேண்டும். அடர் பிளாஸ்மாவில் முடிவிலி என்று ஒன்று இல்லை. ஒரு ஆங்ஸ்ட்ராம், இரண்டு ஆங்ஸ்ட்ராம் தாண்டினால் அடுத்த அயனி நிற்கிறது, இடையில் கட்டற்ற எலக்ட்ரான்கள் நெரிகின்றன. ஆகவே ‘வெளியே’ போய்விட்டதாகக் கணக்கிடவேண்டிய எல்லை கிட்ட வந்துவிடுகிறது, தேவையான ஆற்றல் குறைகிறது. மேல்மட்ட வட்டப்பாதைகள் சிலவற்றுக்கு இடமே இருக்காது. தனித்த அணுவில் பிணைந்திருந்த எலக்ட்ரான் இங்கே கட்டற்றதாகிவிடும். எத்தனை மட்டங்கள் பிழைக்கின்றன என்பதைப் பொறுத்தே அந்தப் பொருளின் அழுத்தம், ஒளிபுகாமை (ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பது), வெப்பக் கடத்தல் எல்லாம் மாறும். விண்மீனின் உட்பகுதியைக் கணக்கிடுபவருக்கும், இணைவு எரிபொருள் குண்டை நசுக்குபவருக்கும் இது தெரியாமல் கணக்கு நகராது.

அலைநீளம் கேட்டதற்கு வருகிறேன். சுற்றுவாதம் என்பது பாதி உண்மை. நல்ல சோதனை என்பதே அந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுப்பதுதான். எந்த இடத்தில் அறுத்தார்கள் என்று பாருங்கள், எல்சிஎல்எஸ்ஸும் ஓரியனும் ஏன் வேறுவேறு பதில் சொன்னார்கள் என்பது தெளிய ஆரம்பிக்கும்.

கணினிக்காரன்

> சுற்றுவாதம் என்பது பாதி உண்மை.

முக்கால் உண்மை என்பேன். மாதிரிக் கணக்குகள் போடும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பாடநூல் முறை வேலை செய்ய, பிளாஸ்மா முழுக்க ஒரே வெப்பநிலை, ஒரே அடர்த்தி, நிலையான நேரம், தடையில்லாமல் வெளியேறும் ஒளி என்று நான்கு கருணை வேண்டும். லேசர் பிளாஸ்மாவில் நான்கும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம்.

ஹீலியம் போன்ற, அதாவது இரண்டே எலக்ட்ரான் மிஞ்சிய, அலுமினிய அயனியின் ஆல்ஃபா வரியை (இரண்டாம் மட்டத்திலிருந்து முதல் மட்டத்துக்குத் தாவுவது) எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 1,598 எலக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜன் போன்றதன், அதாவது ஒரே எலக்ட்ரான் மிஞ்சியதன், ஆல்ஃபா வரியான லைமன் ஆல்ஃபா 1,729. இரண்டின் விகிதத்தை வைத்து வெப்பநிலை எடுக்கிறோம். ஆனால் லைமன் ஆல்ஃபா அதிகம் சூடான நடுப்பகுதியில் பிறக்கிறது, ஹீலியம் ஆல்ஃபா விளிம்பிலும் பிறக்கிறது. விகிதம் தருவது எந்த இடத்துக்கும் சொந்தமில்லாத ஒரு சராசரி. போதாக்குறைக்கு இந்த ஆல்ஃபா வரிகள் வலுவானவை. பிறந்த போட்டானை அடுத்த அயனியே விழுங்கி மறுபடி உமிழும். வரியின் உச்சி தட்டையாகும், அகலம் கூடும். அதை அப்படியே அடர்த்தியாக வாசித்தால் தப்பான எண்தான் வரும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆல்ஃபாவை விட்டுவிட்டு, மூன்றாம், நான்காம் மட்டங்களிலிருந்து வரும் பீட்டா, காமா வரிகளுக்குப் போவார்கள். அவை வலு குறைந்தவை, தடையும் குறைவு, ஸ்டார்க் விளைவால் (அண்டை அயனிகளின் மின்புலத்தால்) அகல்வதும் அதிகம்.

அப்புறம், ஆல்ஃபா வரியின் குறைந்த ஆற்றல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் துணைவரிகள். ஓர் எலக்ட்ரான் கூடுதலாக மேல்மட்டத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்கும் தாவல்கள் அவை. வெப்பநிலைக்கு நல்ல சாட்சிகள். ஆனால் அடர்த்தி ஏறினால் அவையும் அகன்று தாய்வரியோடு கலந்துவிடும். கலந்த கூட்டத்தைப் பிரிக்க மறுபடியும் மாதிரிதான் வேண்டும்.

இயற்பியலாளர் சாஹா 1920இல் தந்த சமன்பாடு முழுச் சமநிலையில் அயனிகளின் பங்கைச் சொல்லிவிடும். சமநிலை இல்லாவிட்டால்? ஒவ்வொரு மட்டத்துக்கும் உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்று ஆயிரக்கணக்கான வீதச் சமன்பாடுகளைத் தீர்க்கவேண்டும். ஃப்ளைசெக் மாதிரியான நிரல் இதை எளிமைப்படுத்தித் தருகிறது. பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் இரண்டு நிரல்களை ஒரே வெப்பநிலை, ஒரே அடர்த்தியில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். சிக்கலான எல் கூட்டு அயனிகளில் (கே கூட்டுக்கு அடுத்த கூட்டிலும் எலக்ட்ரான்கள் மிஞ்சியவை) சராசரி மின்னூட்டமே வேறுவேறாக வருவதைப் பார்ப்பீர்கள்.

அலைநீளம்

அப்படியானால் என் சந்தேகம் சரிதானே சார்? நான்கு கருணையும் கிடைக்காத இடத்தில் ஒரு சூத்திரம் வென்றது, இன்னொன்று தோற்றது என்று எப்படித் தீர்ப்பு எழுதுகிறார்கள்?

பழைய படிகம்

எல்சிஎல்எஸ் சோதனையை எடுத்துக்கொள்வோம். அதன் அழகே இந்தச் சுற்றை அறுத்த விதத்தில்தான் இருக்கிறது.

ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு. அதன்மேல் சுமார் 80 ஃபெம்டோ நொடி (ஒரு ஃபெம்டோ நொடி 10⁻¹⁵ நொடி) நீளமுள்ள எக்ஸ் கதிர்த் துடிப்பு. இவ்வளவு குறுகிய நேரத்தில் எலக்ட்ரான்கள் சூடாகிவிடும், 180 எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் போனது. ஆனால் அயனிகள் கனமானவை, அசைய நேரமில்லை. எனவே துடிப்பு முடியும்வரை அடர்த்தி திட அலுமினியத்தின் அடர்த்தியேதான்: கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். நிறமாலையைக் கேட்கத் தேவையே இல்லை, தராசு சொன்னதே போதும்.

அடுத்தது நேரம். பொதுவாக, பிளாஸ்மா சூடாகும்போதும் உச்சத்திலும் ஆறும்போதும் வந்த ஒளி எல்லாம் ஒரே பதிவில் கலந்துவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் பார்த்தது கே ஆல்ஃபா ஒளி, எல் கூட்டு எலக்ட்ரான் கே கூட்டுக்குள் விழும்போது வருவது. அது வரவேண்டுமானால் கே கூட்டில் ஒரு காலியிடம் வேண்டும். 180 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்களுக்கு 1,560 எலக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் இருப்பதைப் பிடுங்கும் வலு கிடையாது. லேசர் போட்டானால் மட்டுமே முடியும். உண்டான காலியிடமும் ஓரிரு ஃபெம்டோ நொடியில் நிரம்பிவிடும். ஆகவே துடிப்பு இருக்கும்வரைதான் கே ஆல்ஃபா. பிளாஸ்மா பிறகு விரிந்து சிதறினாலும் பதிவில் அது தெரியாது.

இப்போது அளவீடு. எல் கூட்டில் எலக்ட்ரான்கள் குறையக் குறைய கே ஆல்ஃபாவின் ஆற்றல் 1,487இலிருந்து மேலே நகரும். அதனால் ஒவ்வொரு மின்னூட்ட நிலைக்கும் தனித்தனிச் சிகரம். லேசரின் போட்டான் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார்கள், சுமார் 1,560இலிருந்து 1,830 வரை. எந்த ஆற்றலில் எந்தச் சிகரம் முதன்முதலில் முளைக்கிறதோ அதுதான் அந்த அயனியின் கே விளிம்பு, அதாவது கே எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல். தனித்த அயனிக்கான கே விளிம்பு கணக்கிலிருந்து தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கம். வரி அகலமும் வேண்டாம், ஒளிர்வு விகிதமும் வேண்டாம்.

எதிர்க்கரை

நேர்த்தியான சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 80 ஃபெம்டோ நொடி இரண்டு பக்கமும் வெட்டும். அயனிகள் நகரவில்லை என்றால் அவை சூடாகவும் இல்லை. எலக்ட்ரான்கள் இருபது லட்சம் கெல்வினில், அயனிகள் ஏறக்குறைய அறை வெப்பநிலையில், படிக ஒழுங்கு கலையாமல். ஸ்டூவர்ட்-பயாட் எழுதிய பிளாஸ்மா அது இல்லை. அவர்கள் சமநிலையில் உள்ள பிளாஸ்மாவுக்கு, அயனிகள் கலைந்து கிடக்கும் நிலைக்கு எழுதினார்கள். எழுதாத சூழ்நிலைக்குச் சூத்திரத்தை இழுத்துவந்து தோற்றுவிட்டது என்றால்?

இன்னொன்று, விளிம்பு என்று எதைச் சொல்கிறோம்? மேல்மட்டங்கள் கலைந்து, பாதி பிணைந்தும் பாதி பிணையாமலும் இருக்கும் ஒரு மங்கலான பட்டை இருக்கிறது. எலக்ட்ரான் அந்தப் பட்டைக்குள் தாவினாலே கே காலியிடம் உண்டாகிவிடும், சிகரம் முளைத்துவிடும். அளந்தது அயனியாக்கத்தின் தொடக்கமா, அந்தப் பட்டையின் தொடக்கமா? இந்தக் கேள்வியைப் பின்னால் பலர் கேட்டிருக்கிறார்கள், நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை.

கணினிக்காரன்

எதிர்க்கரை சொன்னதில் எனக்கு உடன்பாடு. ஓரியன் பக்கத்தையும் போட்டுவிடுகிறேன். அங்கே பிளாஸ்டிக் அல்லது வைரத்துக்குள் மெல்லிய அலுமினியத்தைப் புதைத்து, குறுந்துடிப்பு லேசரால் சூடாக்கினார்கள். 500 முதல் 700 எலக்ட்ரான் வோல்ட். நீள்துடிப்பு லேசரால் அழுத்தமும் கொடுத்து, அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1 முதல் 10 கிராம் வரை மாற்றிப் பார்த்தார்கள். சுற்றி மூடியிருக்கும் உறை அலுமினியத்தை உடனே விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். இங்கே கே விளிம்பைத் தேடவில்லை. மூன்றாம் மட்டத்திலிருந்து வரும் பீட்டா வரிகள் எந்த அடர்த்தியில் காணாமல் போகின்றன என்று பார்த்தார்கள். வரி இருக்கிறதென்றால் மட்டம் பிழைத்திருக்கிறது.

இதைக் கையாலேயே கணக்குப் போடலாம், நிரல் வேண்டாம். போட்டுக்காட்டுகிறேன்.

ஹைட்ரஜன் போன்ற அலுமினியம், அணு எண் 13. மூன்றாம் மட்டத்தின் பிணைப்பாற்றல் = 13.6 × 13 × 13 ÷ 9 = சுமார் 255 எலக்ட்ரான் வோல்ட். இறக்கம் இதைத் தாண்டினால் மட்டம் போச்சு.

ஸ்டூவர்ட்-பயாட் சூத்திரத்தின் அடர்த்தி மிகுந்த எல்லை அயனிக்கோள மாதிரி. ஓர் அயனிக்குச் சராசரியாகக் கிடைக்கும் கோளத்தின் ஆரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2.7 கிராமில் அது 1.58 ஆங்ஸ்ட்ராம். இறக்கம் = 1.5 × 13 × 14.4 ÷ ஆரம். 14.4 என்பது எலக்ட்ரான் வோல்ட்-ஆங்ஸ்ட்ராம் அலகில் எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கம். இது 255 ஆக ஆரம் 1.10 ஆங்ஸ்ட்ராமுக்குச் சுருங்கவேண்டும், அதாவது அடர்த்தி சுமார் 8 கிராம்.

எக்கர்-க்ரோலில் (எல்சிஎல்எஸ்ஸில் பொருந்திய வடிவம்) அயனிகளோடு எலக்ட்ரான்களையும் சேர்த்து எண்ணி ஆரம் எடுக்கவேண்டும். ஓர் அயனிக்குப் பன்னிரண்டு பதிமூன்று எலக்ட்ரான் என்பதால் ஆரம் சுமார் 2.4 மடங்கு சிறுக்கிறது. 1.5 என்ற காரணி கிடையாது. நிகரமாக இறக்கம் 1.6 மடங்கு பெரிது. அதன்படி மூன்றாம் மட்டம் சுமார் 2 கிராமிலேயே மறையவேண்டும்.

ஓரியனில் பீட்டா வரிகள் 2 கிராமைத் தாண்டியும் உயிரோடு இருந்தன. சுமார் 5.5 கிராமில்கூடத் தெரிந்தன, 9 கிராமுக்குள் மறைந்தன. தோராயக் கணக்கே இவ்வளவு தெளிவாகப் பிரித்துக்காட்டுகிறது. அடர்த்தியில் 20, 30 சதவீதம் பிழை இருந்தாலும் 2க்கும் 8க்கும் இடையில் குழப்பம் வராது.

அலைநீளம்

மிக்க நன்றி, இந்தக் கணக்கை நான் எங்கும் இவ்வளவு நேராகப் பார்த்ததில்லை. ஆனால் ஓரியனில் அடர்த்தி எங்கிருந்து வந்தது? மறுபடியும் வரி அகலமா?

கணினிக்காரன்

ஆமாம், பெரும்பாலும் நிறமாலைப் பொருத்தம்தான். அங்கே சுற்று முழுசாக அறுபடவில்லை. ஆனால் தளர்ந்திருக்கிறது: வரியின் அகலத்தைத் தீர்மானிப்பது அண்டை அயனிகளின் மின்புலம், வரி இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது இறக்கம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்றாலும் கணக்கிடும் வழி வேறு. மேலே சொன்ன மாதிரி, கேட்கும் கேள்வி 2க்கும் 8க்கும் இடையில் என்றால் அந்தத் தளர்வு போதும். 7ஆ 8ஆ என்று கேட்டால் போதாது.

பழைய படிகம்

ஒரு வார்த்தை சேர்க்கிறேன். எல்சிஎல்எஸ் குழுவினரே பின்பு மெக்னீசியம், சிலிக்கான், சில சேர்மங்கள் என்று விரித்தார்கள். எந்த ஒரு எளிய சூத்திரமும் எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. என் பார்வையில் ‘எது வென்றது’ என்ற கேள்வியையே தூக்கிப்போடலாம். அயனியாக்க இறக்கம் என்பதே ஒரு சுருக்க எண். உண்மையில் இருப்பது பல எலக்ட்ரான்களும் பல அயனிகளும் சேர்ந்த ஒரு குவாண்டம் கூட்டம். அதை ஒரே எண்ணாக்கித் தனித்த அணுவின் அட்டவணையில் கழித்துக்கொள்கிறோம். 1960களில் கணினி வலு இல்லாதபோது அதைத் தவிர வழியில்லை. இன்று அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டை (எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு குவாண்டம் கணக்குப் போடும் முறை) வைத்து அந்தக் கூட்டத்தையே நேரடியாகக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்குகள் எல்சிஎல்எஸ் அளவுகளுக்குக் கிட்டத்தில் வருகின்றன, எக்கர்-க்ரோலின் அனுமானங்கள் எதுவும் இல்லாமலே. சூத்திரம் பொருந்துவது வேறு, அதன் காரணம் சரியாக இருப்பது வேறு.

தென்வானம்

வானியல் ஆர்வலன். அலுமினியத்தை விடுங்கள், இரும்பைப் பேசுங்கள். சூரியனின் கணக்கே இடிக்கிறது என்று படித்தேனே?

பழைய படிகம்

இந்த இழைக்கு மிகப் பொருத்தமான உதாரணம், நானே வந்திருப்பேன்.

சூரியனில் ஆற்றல் உள்ளேயிருந்து ஆரத்தின் சுமார் 71 சதவீதம்வரை கதிர்வீச்சாக வருகிறது, அதற்குமேல் வெப்பச்சலனமாக. அந்த எல்லை எங்கே விழுகிறது என்பது அங்குள்ள பொருள் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைப் பொறுத்தது. சூரிய அதிர்வுகளிலிருந்து எல்லையின் இடம் துல்லியமாகத் தெரியும். 2000களில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் அளவுகளைத் திருத்திக் குறைத்தபோது மாதிரியின் எல்லை நகர்ந்துவிட்டது. அதிர்வுகளோடு ஒத்துவரவில்லை. தனிமங்களின் அளவு தவறா, ஒளிபுகாமைக் கணக்குத் தவறா?

அந்த எல்லையில் மொத்த ஒளிபுகாமையில் ஏறக்குறைய கால் பங்கு இரும்புடையது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் உள்ள இசட் இயந்திரத்தில் இரும்பை 19 முதல் 23 லட்சம் கெல்வினுக்குக் கொண்டுபோய், அதன் வழியாகப் பின்னொளியைச் செலுத்தி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்தார்கள். 2015இல் வெளியான முடிவு: அலைநீளத்தைப் பொறுத்து, கணக்கைவிட 30 முதல் 400 சதவீதம் அதிகம். சூரியச் சிக்கலைத் தீர்க்க ஒளிபுகாமையில் தேவைப்படும் கூடுதலில் கிட்டத்தட்ட பாதியை இரும்பு ஒன்றே தந்துவிடும்.

இப்போது இழையைத் தொடங்கிய அலைநீளம் கேட்ட கேள்வியை இங்கே வையுங்கள். வெப்பநிலையும் அடர்த்தியும் எப்படித் தெரிந்தன? இரும்பைக் கேட்கவில்லை. இரும்போடு மெக்னீசியத்தைக் கலந்துவிட்டார்கள். சோதனைக்கு உள்ளாவது இரும்பின் எல் கூடு, பல எலக்ட்ரான்கள், எண்ணிலடங்காத தாவல்கள், கணக்கிடக் கடினம். அளவுகோல் மெக்னீசியத்தின் கே கூடு, ஓரிரு எலக்ட்ரான், ஒப்பீட்டில் சுத்தமான இயற்பியல். ஹீலியம் போன்ற, ஹைட்ரஜன் போன்ற மெக்னீசிய வரிகளின் விகிதம் வெப்பநிலையைத் தருகிறது, அவற்றின் ஸ்டார்க் அகலம் எலக்ட்ரான் அடர்த்தியைத் தருகிறது. ஒரே கலவையில் இருப்பதால் இரண்டும் ஒரே சூழலில். அணுமாதிரியை நம்பியே அளக்கிறோம், ஆனால் நன்றாகத் தெரிந்த அணுவை நம்பி, சரியாகத் தெரியாத அணுவைச் சோதிக்கிறோம்.

எதிர்க்கரை

இரும்பு முடிவை நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

ஓர் அணு எவ்வளவு ஒளியை விழுங்கலாம் என்பதற்கு எல்லா அலைநீளங்களையும் கூட்டினால் ஒரு வரம்பு உண்டு. அலைவு வலிமைகளின் (ஒவ்வொரு தாவலும் ஒளியை விழுங்கும் வலு) கூட்டுத்தொகை எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்குச் சமம். ஓரிடத்தில் இவ்வளவு கூடினால் இன்னோர் இடத்தில் குறையவேண்டும். எங்கே குறைந்தது?

அடுத்து, 2019இல் அதே இசட் இயந்திரத்தில் குரோமியம், இரும்பு, நிக்கல் மூன்றையும் ஒப்பிட்டார்கள். குறுகிய அலைநீளப் பகுதியில் வரும் பின்னணி உட்கவர்தல் இரும்பில்தான் கணக்கைவிட எகிறுகிறது, பக்கத்து வீட்டுக் குரோமியத்திலும் நிக்கலிலும் இல்லை. அணு எண் 24, 26, 28. கோட்பாட்டில் ஓட்டை இருந்தால் நடுவில் ஒன்றுக்கு மட்டும் எப்படி?

கணினிக்காரன்

அதே ஆய்வில் இன்னொரு பாதியும் இருக்கிறதே. வரிகளுக்கு நடுவே ஒளி தப்பிக்கும் ஜன்னல்கள் கணக்கில் ஆழமாக வருகின்றன, அளவீட்டில் நிரம்பியிருக்கின்றன. இது இரும்பில் மட்டுமில்லை, குரோமியத்திலும் உண்டு. எல் கூடு நிரம்பி மூடிக்கிடக்கும் நிலைக்கு நிக்கல் அருகில் இருக்கிறது, அதில் இல்லை. எல் கூட்டில் காலியிடம் உள்ள (திறந்த) அயனிகளின் கிளர்ந்த நிலைகளை நம் நிரல்கள் சரியாகக் கையாளவில்லை என்று இதைப் படிக்கலாம். வரி அகலங்களும் கணக்கைவிட அளவீட்டில் பெரிதாக இருந்தன. ஆகவே கோட்பாட்டுப் பக்கம் ஓட்டை இருப்பது உறுதி. குறுகிய அலைநீளத்தில் இரும்பு மட்டும் தனித்து நிற்பதற்கு எனக்கும் பதில் இல்லை. கூட்டுத்தொகை வாதம் வலுவானது.

எதிர்க்கரை

அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு கருவி அதையே சொல்லட்டும். லிவர்மோரில் உள்ள தேசிய பற்றவைப்பு நிலையத்தில் இரும்பின் ஒளிபுகாமையை வேறு விதமாக அளக்கும் வேலை நடக்கிறது. லேசரால் சூடான குழிவறைக்குள் மாதிரி, பின்னொளிக்குத் தனியாக வெடித்துச் சுருங்கும் குளிகை. இசட்டில் சூடாக்குவதும் பின்னொளி தருவதும் ஒரே மூலம். அங்கே இரண்டும் தனித்தனி. இசட்டில் ஒளிந்திருக்கும் பிழை அங்கே அதே வடிவத்தில் ஒளிந்திருக்க வாய்ப்பில்லை.

நள்ளிரவு வாசகன்

இதையெல்லாம் பதிவு செய்வது எதை வைத்து? கேமராவா?

பழைய படிகம்

என் பெயரைப் பாருங்கள். :)

படிகம்தான் முப்பட்டகத்தின் வேலையைச் செய்கிறது. அணு அடுக்குகளின் இடைவெளியும் கோணமும் சேர்ந்து எந்த அலைநீளம் திரும்பிவரும் என்று முடிவு செய்யும், பிராக் விதி. அலுமினியத்தின் ஹீலியம் ஆல்ஃபா 7.76 ஆங்ஸ்ட்ராம். கேஏபி படிகத்தில் அது 17 பாகையில் கிடைக்கும், பிஇடி படிகத்தில் 62 பாகைக்குமேல். பிரிதிறன் வேண்டுமா, பரந்த அலைநீளப் பரப்பு வேண்டுமா என்பதைப் பார்த்துத் தேர்வு செய்யவேண்டும். ஒளி குறைவாக இருந்தால் படிகத்தை வளைத்து ஒரு கோட்டில் குவிக்கலாம், வான் ஹாமோஸ் அமைப்பு. நேரம் வேண்டுமானால் பிக்கோ நொடிகளைப் பிரித்துக்காட்டும் கீற்றுக் கேமரா.

இந்தப் பக்கத்தை யாரும் பெரிதாக எழுதுவதில்லை, ஆனால் வரி விகிதம் என்று பேசும்போது படிகம் இரண்டு ஆற்றல்களிலும் ஒரே அளவு திருப்பி அனுப்புகிறதா என்பதே முதல் கேள்வி. படிகத்தின் விளைதிறனை அளக்காமல் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டால், சாஹாவையும் ஸ்டார்க்கையும் எவ்வளவு கவனமாகக் கணக்கிட்டாலும் வெப்பநிலை தள்ளிப்போகும்.

அலைநீளம்

எல்லோருக்கும் நன்றி. திட்ட அறிக்கையில் ஒவ்வொரு சோதனைக்கும் ‘இங்கே எது வெளியிலிருந்து தெரிந்தது, எது நிறமாலையிலிருந்து வந்தது’ என்று பிரித்து எழுதப்போகிறேன். எல்சிஎல்எஸ்: அடர்த்தி வெளியிலிருந்து. இசட்: வெப்பநிலையும் அடர்த்தியும் வேறோர் அணுவிலிருந்து. ஓரியன்: நிறமாலையிலிருந்து, ஆனால் கேள்வி முரட்டுக் கேள்வி.

கடைசியாக ஒன்று. நிறமாலை வரியே இல்லாமல் இந்த மட்ட மறைவைப் பார்க்க வழி உண்டா?

கணினிக்காரன்

உண்டு, சிதறல். எக்ஸ் கதிரை உள்ளே அனுப்பி, சிதறி வருவதைப் பாருங்கள். பிணைந்த எலக்ட்ரானும் கட்டற்ற எலக்ட்ரானும் ஒரே மாதிரி சிதறடிப்பதில்லை, ஆற்றல் இழப்பின் வடிவம் வேறு. 2023இல் வெளியான பெரிலியம் சோதனையைப் படியுங்கள். தேசிய பற்றவைப்பு நிலையத்தில் பெரிலியத்தைத் திட அடர்த்தியைப்போல் சுமார் 30 மடங்கு நசுக்கி, இருபது லட்சம் கெல்வினில், கே கூட்டு எலக்ட்ரான்களே அழுத்தத்தால் பிடிவிடத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். அலுமினியத்தில் மூன்றாம் மட்டத்துக்கு நடந்தது இங்கே முதல் மட்டத்துக்கே.

எதிர்க்கரை

அதிலும் அடர்த்தி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

கணினிக்காரன்

சிதறல் நிறமாலையைப் பொருத்தித்தான். எந்தெந்த எண்ணை ஒரே பொருத்தத்தில் விட்டார்கள், எதைக் கட்டிவைத்தார்கள் என்று கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இருக்கும். அலைநீளம், அதைப் படித்துவிட்டுத் தனி இழை தொடங்குங்கள். சிதறல் பேச ஆரம்பித்தால் இது முடியாது.